வெப்பம் உணரும் நானோஜெல்லில் டி.என்.ஏ.வை இணைக்க எந்த வழி?

1996இல் சாட் மிர்கின் குழுவும் பால் அலிவிசாட்டோஸ் குழுவும் தங்க நானோதுகள்களில் டி.என்.ஏ. இழைகளைப் பொருத்தி, அந்த இழைகளைக் கொண்டே துகள்களை ஒழுங்காக ஒன்றுசேர்த்துக் காட்டின. அதற்குப் பிறகு துகளில் டி.என்.ஏ.வை இணைக்கும் செய்முறைகள் குவிந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை தங்கம், சிலிக்கா, பாலிஸ்டைரீன் போன்ற கெட்டியான துகள்களுக்காக எழுதப்பட்டவை. வெப்பத்தை உணர்ந்து சுருங்கி விரியும் பாலிமர் துகளுக்கு, அதாவது நானோஜெல்லுக்கு, அதே செய்முறையைக் கையாண்டால் அது பாதி வழியில் காலை வாரிவிடும். இந்தத் துகளுக்கு நிலையான மேற்பரப்பே கிடையாது என்பதுதான் காரணம்.

இங்கே பேசப்படும் பொருள் பெரும்பாலும் பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு, சுருக்கமாக பிநிபாம். சுமார் 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இது தண்ணீரை உறிஞ்சி விரிந்திருக்கும். அதற்கு மேலே போனால் தண்ணீரை வெளியேற்றிச் சுருங்கும். 1986இல் பெல்டனும் சிபான்டேவும் இதைக் குறுக்கிணைப்புள்ள (சங்கிலிகள் ஒன்றோடொன்று கட்டப்பட்ட), ஒரே அளவான துகள்களாகத் தயாரிக்கும் முறையை வெளியிட்டார்கள். அந்த முறைதான், சிறு மாற்றங்களோடு, இன்றும் ஆய்வகங்களில் நடக்கிறது: சுமார் 70 டிகிரியில், தண்ணீரில், பாலிமராக்கலைத் தொடங்கிவைக்கும் பெர்சல்பேட் தொடக்கியோடு. குறுக்கிணைப்பி மற்ற மோனோமரைவிட (பாலிமராகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறைவிட) வேகமாகத் தீர்ந்துவிடுவதால் துகளின் நடுப்பகுதி அடர்த்தியாகவும், ஓரம் தளர்ந்த நூல்களாகவும் அமைகிறது. குளிர்ந்த நிலையில் டி.என்.ஏ.வுக்கு இது நுழைந்து போகக்கூடிய வலை. சூடான நிலையில் கிட்டத்தட்ட மூடிய உருண்டை.

எந்த வேதியியலைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. டி.என்.ஏ. துகளின் வெளியே நிற்க வேண்டுமா, உள்ளேயும் பரவலாமா? இணைத்து முடித்த துகள் எந்த வெப்பநிலையிலும் எந்த உப்புச் செறிவிலும் வேலை செய்யப்போகிறது? இவற்றுக்கு விடை தெரியாமல் வினைத்திறன் சதவீதத்தை மட்டும் வைத்து வழிகளை ஒப்பிடுவது விழலுக்கு இறைத்த நீர்தான்.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருங்கிய நிலையில் 200 நானோமீட்டர் விட்டமுள்ள துகளை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு சுமார் 1,25,000 சதுர நானோமீட்டர். 100 சதுர நானோமீட்டருக்கு ஓர் இழை என்று நட்டால் துகளுக்கு 1,250 இழைகள். சுருங்கிய துகளில் பாதி பாலிமர், பாதி தண்ணீர் என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 1.2 கோடி மோனோமர் அலகுகள் இருக்கும். அவற்றில் 5 சதவீதம் அக்ரிலிக் அமிலமாக இருந்தாலே டி.என்.ஏ.வைப் பிணைக்க உதவும் கார்பாக்சில் தொகுதிகள் 6 லட்சம் கிடைக்கின்றன. தேவை 1,250, கையிருப்பு 6 லட்சம். ஆக, வினைத்தொகுதிகளுக்குப் பஞ்சமே இல்லை, அவை எங்கே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். இதே கணக்கில், 1 மில்லிகிராம் உலர் ஜெல்லின் மேற்பரப்பு ஏற்கக்கூடிய டி.என்.ஏ. சுமார் 1 நானோமோல். இதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கிறது என்று அளவீடு சொன்னால், மகிழ்வதற்கு முன் அது உள்ளே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

உப்பும் வெப்பமும் முரண்டு பிடிக்கும் இடம்

டி.என்.ஏ.வின் ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டது. பெர்சல்பேட் தொடக்கியில் பிறந்த ஜெல்லும் எதிர்மின்னூட்டம் கொண்டதே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். முதலில் ஒட்டிய இழைகள் அடுத்து வருபவற்றையும் தள்ளும். தங்கத் துகளில் இதைச் சமாளிக்கச் சோடியம் குளோரைடைப் படிப்படியாக ஏற்றுவார்கள். உப்பு மின்னூட்டத்தை மறைக்கும், இழைகள் நெருங்கி நிற்கும்.

ஜெல்லில் உப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. 1 மோலார் சோடியம் குளோரைடு பிநிபாமின் சுருங்கு வெப்பநிலையைச் சுமார் 10 டிகிரி கீழே இறக்கிவிடும். 32 டிகிரியில் நடக்க வேண்டிய சுருக்கம் அறை வெப்பநிலையிலேயே நடந்துவிடும். சுருங்கிய துகளைக் கட்டியாகாமல் காப்பது அதன் மின்னூட்டம் மட்டுமே. அந்த மின்னூட்டத்தையும் உப்பு மறைத்துவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துபோகும். எனவே உப்பு ஏற்ற வேண்டுமானால் குளிரில்தான் ஏற்ற வேண்டும். குளிரில் ஜெல் விரிந்திருக்கும், வலை திறந்திருக்கும். 20 அலகுள்ள ஒற்றை இழை சில நானோமீட்டர் அகலத்துக்கு மேல் பரவாது. தளர்ந்த வலைக்குள் அது சுலபமாக நுழையும். அடர்த்திக்காக உப்பை ஏற்றினால் இழை உள்ளே போகும். வெளியே நிறுத்துவதற்காகச் சூடாக்கினால் உப்பைக் குறைக்க வேண்டும், அப்போது அடர்த்தி போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் இடம் இணைப்பு வினையில் இல்லை, ஜெல் தயாரிப்பில் இருக்கிறது. வினைத்தொகுதி ஓரத்தில் மட்டும் இருந்தால், இழை உள்ளே நுழைந்தாலும் பற்றிக்கொள்ள அங்கே எதுவும் இல்லாமல் கழுவும்போது வெளியே வந்துவிடும். ஹோர், பெல்டன் இருவரும் இதற்கு நல்ல வழி காட்டினார்கள். அக்ரிலிக் அமிலத்துக்குப் பதிலாக வினைல் அசெட்டிக் அமிலத்தைச் சேர்த்தால், அது மெதுவாக வினைபுரிவதாலும் சங்கிலியின் முனையில் போய் அமர்வதாலும் கார்பாக்சில் தொகுதிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் அமைகின்றன. வெறும் பிநிபாம் கருவின் மேல் வினைத்தொகுதி உள்ள மெல்லிய ஓட்டை வளர்ப்பது இன்னொரு வழி. மேற்பரப்பில் டி.என்.ஏ. வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் இணைப்பு வேதியியலுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலே பலன் தெரியும்.

கார்பாக்சில், அமீன்: பலரும் தொடங்கும் இடம்

ஜெல்லில் கார்பாக்சில், டி.என்.ஏ. முனையில் அமீன், இரண்டையும் சேர்க்க ஈ.டி.சி. என்ற கார்போடைமைடு, துணைக்கு, கார்பாக்சிலை வினைபுரியும் எஸ்டராக்கும் என்.எச்.எஸ். பொருள்கள் மலிவு, அமீன் முனையுள்ள இழை எளிதில் கிடைக்கும், கிடைப்பதும் உறுதியான அமைடுப் பிணைப்பு. முதல் முயற்சிக்கு இதைத்தான் பலரும் எடுக்கிறார்கள், அதில் தவறில்லை.

ஆனால் ஜெல்லில் இதற்குத் தனியான தொல்லைகள் உண்டு. ஈ.டி.சி. நன்றாக வேலை செய்யும் பி.எச். 4.5 முதல் 6 வரை. அமீன் வினைபுரிய விரும்பும் பி.எச். 8 அளவு. ஆகவே முதலில் அமிலத்தன்மையில் கார்பாக்சிலைத் தூண்டிவிட்டு, எஞ்சிய ஈ.டி.சி.யைக் கழுவி நீக்கி, பிறகு காரத்தன்மையில் டி.என்.ஏ.வைச் சேர்ப்பதே முறையான வழி. கெட்டியான துகளை மையவிலக்கில் சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். விரிந்த ஜெல்லோ பெரும்பகுதி தண்ணீர். அதன் அடர்த்தி தண்ணீரை ஒட்டியே இருப்பதால் எளிதில் கீழே இறங்காது. கழுவி முடிப்பதற்குள் தூண்டிய எஸ்டரில் கணிசமான பகுதி நீராற்பகுப்பில் சிதைந்துவிடும். கழுவாமல் ஒரே கலத்தில் நடத்தினால், எஞ்சிய ஈ.டி.சி. தளர்ந்திருக்கும் குவானின், தைமின் காரங்களோடும் (டி.என்.ஏ.வின் எழுத்துகளோடும்) வினைபுரியக்கூடும். அப்படிக் காயம்பட்ட இழை துகளில் இருக்கும், ஆனால் தனக்குப் பொருந்தும் இணை இழையைச் சரியாகப் பிடிக்காது.

எஞ்சிய கார்பாக்சில்கள் அடுத்த தொல்லை. நடுநிலை பி.எச்.இல் அவை அயனியாகி ஜெல்லின் சுருங்கு வெப்பநிலையை மேலே தள்ளும், சுருக்கத்தையும் மழுங்கடிக்கும். வெப்ப உணர்வுக்காக ஜெல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டு, டி.என்.ஏ.வுக்காக அந்த உணர்வையே இழப்பது வருத்தமான பேரம். அமிலத்தை ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது. மேலே போட்ட கணக்கின்படி அதுவே தாராளம்.

பி.எச்.ஐ நிலைநிறுத்தும் தாங்கல் கரைசலில் டிரிஸ் என்ற சேர்மம் இருந்தால் அதன் அமீனே எஸ்டரைத் தின்றுவிடும். டி.என்.ஏ. தொகுப்பில் எஞ்சிய அம்மோனிய உப்புகளும் அப்படித்தான். இழையை எத்தனாலில் வீழ்படிவாக்கிச் சுத்தம் செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். என்.எச்.எஸ். எஸ்டர் கொண்ட மோனோமரை நேரடியாக ஜெல்லில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். 70 டிகிரி தண்ணீரில் அந்த எஸ்டர் நிலைக்காது.

தயோல், மாலிமைடு

டி.என்.ஏ. முனையில் தயோல் என்ற கந்தகத் தொகுதி, ஜெல்லில் மாலிமைடு. பி.எச். 6.5 முதல் 7.5 வரை வேகமாகவும் துல்லியமாகவும் நடக்கும் வினை இது. மாலிமைடுக்கே பாலிமராகும் இயல்பு இருப்பதால் அதை மோனோமராகச் சேர்க்க முடியாது; அமீன் ஜெல்லைத் தயாரித்து, பிறகு இருமுனை இணைப்பி கொண்டு மாலிமைடைப் பொருத்த வேண்டும். தயோல் இழை டைசல்பைடாகப் பூட்டப்பட்டு வரும், பயன்படுத்தும் முன் ஒடுக்கித் திறக்க வேண்டும். டி.டி.டி. என்ற ஒடுக்கி கொண்டு திறந்தால் அதை முழுமையாக நீக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே மாலிமைடுகளை நிரப்பிவிடும். டி.சி.இ.பி. என்ற இன்னோர் ஒடுக்கியும் மாலிமைடோடு வினைபுரியும் என்பதால் அதையும் நீக்குவதே பாதுகாப்பு. படிகள் அதிகம், ஒவ்வொரு படியிலும் கடிகாரம் ஓடுகிறது. தனிக் காரணம் இல்லாவிட்டால் ஜெல்லுக்கு நான் இதை முதலில் எடுக்க மாட்டேன்.

தனிக் காரணம் என்பது விடுவிப்பு. மாலிமைடுக்குப் பதிலாக ஜெல்லில் பிரிடைல் டைசல்பைடு வைத்தால், இழை டைசல்பைடுப் பிணைப்பில் தொங்கும். செல்லின் உள்ளே குளுட்டாதயோன் மில்லிமோலார் அளவில் இருக்கிறது, அது அந்தப் பிணைப்பை வெட்டி இழையை விடுவிக்கும். மருந்து கொண்டு சேர்க்கும் வேலைக்கு இது அழகான பொருத்தம்.

தாமிரம் இல்லாத கிளிக் வினை

ஜெல்லில் அசைடு, டி.என்.ஏ. முனையில் டி.பி.சி.ஓ. என்ற இறுக்கமான வளைய ஆல்கைன். இரண்டும் தாமாகவே ஒன்றோடொன்று பிணையும். கலந்து, குளிரில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். தாமிரம் சேர்க்கும் பழைய கிளிக் வினையில், தாமிரமும் அஸ்கார்பேட்டும் சேர்ந்து உருவாக்கும் தனியுறுப்புகள் (ரேடிக்கல்கள்) டி.என்.ஏ.வை வெட்டும், இதில் அந்த அபாயம் இல்லை. கிளிக் வேதியியலுக்கும் உயிருக்கு இணக்கமான அதன் வடிவத்துக்கும் சேர்த்து 2022இல் பெர்டோசி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஜெல்லைப் பொறுத்தவரை இதன் பெரிய பலம் நேரம். அசைடு தண்ணீரில் சிதைவதில்லை. எனவே ஜெல்லை அவசரமின்றிக் கழுவலாம், அளக்கலாம், வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். டி.என்.ஏ.வைச் சேர்த்த பிறகு உப்பைப் படிப்படியாக ஏற்றி, ஓரிரு நாட்கள் குளிரில் விட்டுவிடலாம். ஈ.டி.சி. வழியில் இந்த நிதானத்துக்கு இடமே இல்லை. உப்புக்கும் வெப்பத்துக்கும் இடையே உள்ள மோதலை நிதானமாகச் சமாளிக்க விடும் வழி, எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

விலை அதிகம் என்பது குறைதான். டி.பி.சி.ஓ. நீர்வெறுக்கும் தொகுதி என்பது அதைவிடக் கவனிக்க வேண்டியது. சுருங்கிய பிநிபாமும் நீர்வெறுக்கும் தன்மையது. வெப்பநிலை எல்லையைத் தாண்டினால் வினை நடக்காமலேயே இழை ஒட்டிக்கொண்டு, இணைந்துவிட்டது போன்ற பொய்த்தோற்றம் தரும். அசைடே இல்லாத ஜெல்லை அதே டி.என்.ஏ.வோடு கலந்து ஒப்பிடாமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. சோடியம் அசைடைப் பாதுகாப்புப் பொருளாகச் சேர்த்த கரைசலை அருகிலேயே கொண்டுவரக் கூடாது, அது டி.பி.சி.ஓ.வைத் தீர்த்துவிடும். டி.சி.இ.பி. எஞ்சியிருந்தால் அது ஜெல்லின் அசைடை அழிக்கும். எப்பாக்சைடு வளையத்தைச் சோடியம் அசைடால் திறந்து ஜெல்லில் அசைடு ஏற்றுபவர்கள் கரைசலை அமிலமாக்கிவிடக் கூடாது: வெளிவரும் ஹைட்ரசோயிக் அமிலம் நச்சும் வெடிக்கும் தன்மையும் கொண்டது.

டி.என்.ஏ.வையே மோனோமராக்குவது

இழையின் முனையில் மெத்தக்ரிலமைடு தொகுதியைப் பொருத்தி, பாலிமராக்கலின்போதே சேர்த்துவிடலாம். ஜப்பானில் மிசுவோ மயேதா குழு இத்தகைய இழைகளை ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடோடு சேர்த்துப் பாலிமராக்கியது. அந்தப் பாலிமரைச் சூடாக்கினால் அது நடுவில் சுருண்டு, டி.என்.ஏ. வெளியே நிற்கும் துகளாகிறது. முழுவதும் பொருந்தும் இணை இழை வந்து சேர்ந்தால் அதிக உப்பில் துகள்கள் திரண்டு கரைசல் கலங்குகிறது. முனையில் ஒரே ஒரு காரம் பொருந்தாவிட்டாலும் கலங்குவதில்லை. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய மரபணுச் சோதனை! இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த முடிவுகளில் இதுவும் ஒன்று.

குறுக்கிணைப்புள்ள ஜெல்லுக்கு இந்த வழி செலவு மிக்கது. சேர்த்த டி.என்.ஏ.வில் எவ்வளவு துகளில் தங்கும், எவ்வளவு கரைசலிலேயே நின்றுவிடும் என்பது நம் கையில் இல்லை. நேர்மின்னூட்டத் தொடக்கியைப் பயன்படுத்தினால் அது டி.என்.ஏ.வோடு சேர்ந்து கட்டியாகக்கூடும். வரிசையை மாற்ற வேண்டுமானால் ஜெல்லையே புதிதாகத் தயாரிக்க வேண்டும். டி.என்.ஏ.வே வலையின் குறுக்கிணைப்பாக இருக்க வேண்டும், ஓர் இழை வந்தால் ஜெல் தளர வேண்டும் என்ற நோக்கம் இருந்தால் மட்டும் வேறு வழியில்லை, இதுதான்.

பயோட்டின் வழியும் மின்னூட்ட வழியும்

ஸ்ட்ரெப்டாவிடின் புரதம், டி.என்.ஏ. முனையில் பொருத்தக்கூடிய பயோட்டின் என்ற சிறு மூலக்கூறைப் பிடிக்கும் பிடி இயற்கையில் மிக வலிமையானவற்றில் ஒன்று. பல வரிசைகளை விரைவாகச் சோதித்துப் பார்க்க ஏற்றது. ஆனால் புரதத்தை ஜெல்லில் பொருத்துவதற்கு எப்படியும் ஓர் இணைப்பு வினை தேவை. நான்கு கைகள் கொண்ட புரதம் என்பதால், பயோட்டின் ஜெல்லில் இருந்தால் அது இரண்டு துகள்களைப் பாலம் போட்டு இணைத்துவிடும். அதைத் தவிர்க்கப் புரதத்தை மிகையாகச் சேர்க்க வேண்டும். சுமார் 5 நானோமீட்டர் அளவுள்ள அந்தப் புரதம் இழைகளின் நெருக்கத்துக்கும் எல்லை வகுக்கும்.

நேர்மின்னூட்ட ஜெல்லில் டி.என்.ஏ. தானாகவே ஒட்டும். கலக்கினால் போதும். ஜெல் சுருங்கும்போது மின்னூட்ட அடர்த்தி கூடுவதால் பிடியும் இறுகும், வெப்பத்தைக் கொண்டே அதை இறுக்கவும் தளர்த்தவும் முடியும். வளைய டி.என்.ஏ.வான பிளாஸ்மிடையோ குறுக்கிடும் ஆர்.என்.ஏ.வையோ செல்லுக்குள் கொண்டுபோக இது நேர்மையான தேர்வு. இணை இழையை அடையாளம் காணும் வேலைக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது: இழை மேற்பரப்பில் படுத்துவிடும், உப்பு ஏறினால் கழன்றுவிடும். மின்னூட்டங்கள் சமமாகும் விகிதத்தில் துகள்கள் கட்டியாகும் என்பதால், ஒன்றை எப்போதும் மிகையாக வைத்து வேகமாகக் கலக்க வேண்டும்.

என் தேர்வு

துகள்களை டி.என்.ஏ. கொண்டு ஒன்றுசேர்ப்பது, வரிசையை உணர்வது போன்ற வேலைகளுக்கு: ஓரத்தில் மட்டும் அசைடு உள்ள ஜெல், தாமிரமில்லாத கிளிக், குளிரில் படிப்படியாக உப்பு. ஆனால் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகக் கிளிக் செய்யத் தேவையில்லை. பொதுவான ஒரே நங்கூர இழையை ஒருமுறை இணைத்துச் சரிபார்த்துவிட்டு, தேவையான வரிசைகளை அதன்மேல் இணை சேர்த்துக்கொள்ளலாம். ஜெல்லைச் சுருங்கவைக்க எப்படியும் 32 டிகிரியைத் தாண்டப்போகிறோம். 40, 45 டிகிரியிலும் கழலாத அளவுக்கு நங்கூரத்தை 25 முதல் 30 காரங்களோடு, குவானின் சைட்டோசின் போதுமான அளவு சேர்த்து வடிவமைக்க வேண்டும். இழைக்கும் ஜெல்லுக்கும் நடுவே பத்துத் தைமின் அளவுக்கு இடைவெளி விடுவது இணை சேர்வதை எளிதாக்கும்.

யோசனை வேலை செய்யுமா என்று மட்டும் பார்க்க வேண்டியவர்களுக்கு வினைல் அசெட்டிக் அமில ஜெல்லும் ஈ.டி.சி.யும் போதும். செல்லுக்குள் விடுவிக்க வேண்டுமென்றால், சிறிய இழைக்கு டைசல்பைடு, பெரிய பிளாஸ்மிடுக்கு மின்னூட்டம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இணைந்திருக்கிறதா என்பதை 260 நானோமீட்டர் உறிஞ்சலைக் கொண்டு நேரடியாக முடிவு செய்யக் கூடாது. ஜெல் ஒளியைச் சிதறடிக்கும், அந்தச் சிதறல் டி.என்.ஏ.வாகக் கணக்கில் ஏறிவிடும். சிக்கியிருக்கும் இழைகளை வெளியேற்ற ஜெல்லின் இயல்பே கைகொடுக்கிறது: குறைந்த உப்பில் சூடாக்கிக் குளிர்விக்கும் சுழற்சியைச் சிலமுறை செய்தால், ஒவ்வொரு சுருக்கத்திலும் தண்ணீரோடு சேர்ந்து பிணைப்பில்லாத இழைகளும் பிதுங்கி வரும். பிறகு பெரிய துளையுள்ள சவ்வில் கூழ்மப்பிரிப்பு. கடைசியாக, ஒளிரும் சாயமுள்ள இணை இழையைச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவி, ஒட்டியதை யூரியாவிலும் வெப்பத்திலும் கழற்றி எண்ண வேண்டும். மொத்தம் எத்தனை இழை இருக்கிறது என்பதும், இணை சேரக்கூடியது எத்தனை என்பதும் வேறுவேறு எண்கள். ஜெல்லில் இவை இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கக்கூடும். வழிகளை ஒப்பிடும்போது பின்னதைத்தான் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும். அதோடு, டி.என்.ஏ. ஏறுவதற்கு முன்னும் பின்னும் ஜெல்லின் அளவை 20 முதல் 50 டிகிரி வரை அளந்து இரண்டு வளைகோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து பார்க்க வேண்டும். இழைகள் ஓரத்தோடு நின்றிருந்தால் சுருங்கும் வெப்பநிலை பெரிதாக நகராது. கோடு மழுங்கி வலப்பக்கம் சாய்ந்திருந்தால், இழைகள் உள்ளே போய்விட்டன என்றோ அயனித் தொகுதிகள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்றோ பொருள். அப்போது இணைப்பு வினையை மாற்றிப் பார்ப்பதைவிட ஜெல்லைத் திரும்பத் தயாரிப்பதே குறுக்குவழி.